பெரிய மாமனார் அணைத்த கற்பூரம்

எங்கள் ஊர்ப் பக்கம் அந்த நாளில் சத்தியம் செய்வதைப்போல மலிவான காரியம் வேறு கிடையாது. ஒரு கட்டிக் கற்பூரம், ஒரு உள்ளங்கை, வேடிக்கை பார்க்க நாலு பேர் இருந்தால் போதும். வரப்பை வெட்டினவன் வெட்டவே இல்லை என்று அணைப்பான். கள்ளுக் குடித்தவன் இனிமேல் தொடமாட்டேன் என்று அணைப்பான். எரிகிற கற்பூரத்தை அம்மன் முன்னால் கையால் அடித்து அணைத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. மீறினால் அணைத்த கை விளங்காமல் போய்விடும் என்பார்கள். அணைத்தவர்களில் பாதிப் பேர் அடுத்த சந்தைக்குள் மீறினார்கள். கை விளங்காமல் போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எனக்காகவும் ஒருவர் கற்பூரம் அணைத்தார். அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் சாகக் கிடந்தேன்.

சூலூருக்குக் கிழக்கே, சோமனூருக்குப் போகிற இட்டேரி வண்டித்தடத்தை ஒட்டி எங்கள் தோட்டம். நானும் என் வீட்டுக்காரரும் நாலு வயது மகளும் அங்கே குடியிருந்தோம். என் மாமனாரும் மாமியாரும் நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகையால் குடும்பத்துக்குப் பெரியவர் என் மாமனாரின் அண்ணன். அவரும் பெரிய மாமியாரும் ஊருக்குள் ஓட்டு வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நிலம் பங்கு பிரியாமல் ஒன்றாகக் கிடந்தது. பங்கு பிரியாத குடும்பத்தில் பெரியவர் காக்கை வெள்ளை என்றால், ஆமாங்க, நல்ல வெள்ளைங்க என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் அதை வாய் திறந்துகூடச் சொல்லமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார்.

முப்பதுகளில் மதுவிலக்குப் பேச்சு எங்கள் பக்கம் பலமாக இருந்தது. பெரிய மாமனார் கதர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய்க் குடிகாரர்களுக்குப் புத்தி சொன்னார். நல்ல காரியம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் புத்தி சொல்கிற வாயில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருக்கும். மூக்கில் பொடி. யாராவது கேட்டால், “அது வேற, இது வேற” என்பார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் பிழைப்பே நடக்காது. குடிகாரன் எவனாவது, “கொஞ்சங் கொஞ்சமா உட்டர்றனுங்க” என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“கொஞ்சங் கொஞ்சமா உடறேங்கறவன் சாகற மட்டும் உடமாட்டான். உட்டா ஒரே வெட்டா உடோணும்” என்பார். கூட்டத்தில் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் அவர் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பருத்தி எடுப்பு முடிந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றித் திருப்பூருக்குக் கொண்டு போகிற சமயம். இட்டேரித் திருப்பத்தில் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. வண்டியின் பின்னாலேயே நடந்து வந்தவள் நான். மேலே இருந்த மூட்டைகள் அப்படியே என்மேல் சரிந்தன. பருத்தி மெத்தென்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அமுக்கிக் கட்டிய மூட்டைக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும். இடது தொடை எலும்பு ஒடிந்துவிட்டது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காலைக் கட்டி, கயிற்றில் மணல் பையைத் தொங்கவிட்டு, என்னை மல்லாக்கப் போட்டுவிட்டார்கள். அந்த வலியை நான் எழுதி யாருக்கும் புரியப்போவதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார். பழுப்பு நிறத் தண்ணீர், வாயில் வைக்க முடியாத கசப்பு. பாட்டிலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு பல் மருந்து ஒரு வேளைக்கு. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வலி எங்கோ அடுத்த கட்டில்காரிக்கு வலிப்பதைப்போல ஆகிவிடும். அந்த மருந்தைப் பற்றி இன்றைக்கும் நான் ஒரு குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் கத்தியே செத்திருப்பேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் வராந்தாவில் நின்று, “பெரியவங்க யாரு வந்திருக்கீங்க?” என்று கேட்டார். பெரிய மாமனார் எழுந்து போனார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். கட்டில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், வராந்தா ஜன்னலுக்கு அந்தப் பக்கம். டாக்டரின் முதுகு எனக்குத் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. ஒடிந்த தொடை என்னுடையது, மருந்து குடிக்கிற வாய் என்னுடையது. ஆனால் சமாசாரம் அவருக்கு. பெண்பிள்ளையிடம் நேராகச் சொன்னால் படித்த டாக்டருக்கு மரியாதை குறைந்துவிடும் போலிருக்கிறது.

பெரிய மாமனார் உள்ளே வந்து, “எல்லாஞ் சரியாப் போயிருமாம் அம்மணி. மருந்தை மட்டும் உடாமக் குடி” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நானும் விடாமல் குடித்தேன். எலும்பு கூடியது. கம்பு ஊன்றி நடந்தேன், பிறகு கம்பில்லாமலும் நடந்தேன். தொடை வலி குறைந்து, பனிக்காலத்தில் மட்டும் குடைகிற அளவுக்கு வந்துவிட்டது. மருந்து மட்டும் நிற்கவில்லை. தீர்ந்தால் என் வீட்டுக்காரர் கோயமுத்தூர் போய் வாங்கி வருவார். அவர் வரப் பிந்திவிட்டால் எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும், மூக்கில் நீர் வடியும், கால் உளையும். சளி பிடித்துவிட்டது என்று நினைத்துக் கொத்துமல்லிக் காப்பி வைத்துக் குடித்தேன். மருந்து உள்ளே போனதும் சளி போய்விடும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. யார் சொன்னார்கள் உறைப்பதற்கு?

பிறகு ஒரு சந்தைக் கூட்டத்தில் யாரோ ஒரு பேச்சாளர், ஆஸ்பத்திரி வலி மருந்திலேகூட அபின் கலந்திருக்கிறது என்று பேசினாராம். கூட்டத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெரிய மாமனாரைப் பார்த்து, “ஏனுங்க, உங்க ஊட்டு மருமக குடிக்கறதும் அதுதானுங்களே?” என்று கேட்டுவிட்டார். கேட்டவருக்கு அது ஒரு சந்தேகம். பெரிய மாமனாருக்கு அது மானம் போன விஷயம்.

நேராகத் தோட்டத்துக்கு வந்தார். களத்தில் நின்றுகொண்டே சத்தம் போட்டார்.

“கள்ளுக் குடிக்கறவன்கூடச் சாயங்காலந்தான் குடிக்கறான். என்ற ஊட்டுப் பொம்பளை மூணு வேளையும் அபினி குடிக்கறா. நான் எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு மேடை ஏறுவேன்?”

“டாக்டரு குடுத்ததுதானுங்க மாமா” என்றேன்.

“டாக்டரு குடுத்தா அபினி பாலாயிருமா? நாளைக்கு வெள்ளிக்கெழமை. மாகாளியம்மன் கோயிலுக்கு வா. கற்பூரம் அணைச்சுப்போட்டு வந்துரு. அதோட போச்சு.”

வெள்ளிக்கிழமை விடியும்போது நான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஆகாத காரியத்தைத் தெய்வமே தடுக்கிறது என்று அறிவுள்ளவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெரிய மாமனார் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். குடும்பத்துக்குப் பெரியவர் தானே, தான் அணைத்தால் குடும்பமே அணைத்ததுபோல என்று சொல்லி, எனக்குப் பதிலாக அவரே போய், “என்ற குடும்பத்துல இனி அபினி நொழையாது” என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்து அணைத்துவிட்டார். அடுத்தவர் வயிற்றுக்குப் பத்தியம் இருந்த கதை. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். எங்கள் பெரிய மாமனாருக்கு வாசனை நன்றாகவே தெரியும், மற்றதுதான் ஒன்றும் தெரியாது.

திரும்பி வருகிற வழியிலேயே தோட்டத்துக்கு வந்து, மருந்துப் பாட்டிலை எடுத்துத் துணி துவைக்கிற கல்லில் அடித்தார். பாதிப் பாட்டில் மருந்து கல்லில் வழிந்து ஓடியது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. முதலில் பழைய கொட்டாவியும் மூக்கு நீரும்தான். மறுநாள் உடம்பு முழுக்க மயிர்க்கால் குத்திட்டு நின்றது. குளிர் நடுக்கியது, அதே சமயம் சேலை நனைய வேர்த்தது. குடலை யாரோ பிடித்து முறுக்குவதைப்போல வயிறு வலித்தது. குடித்த தண்ணீரெல்லாம் வாந்தி, இல்லாவிட்டால் பேதி. காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை, அதுபாட்டுக்கு உதைத்துக்கொண்டது. கூடின எலும்பு மறுபடியும் ஒடிந்ததைப்போல வலித்தது. தூக்கம் என்பது சுத்தமாக இல்லை. மகள் பக்கத்தில் வந்து நின்று அழுதாள். அவளை அணைக்கக்கூட எனக்குக் கை எழவில்லை.

பார்க்க வந்தவர்கள் சும்மா வந்தார்களா? பேய் என்றார் ஒருவர், வேப்பிலை கொண்டு வரச் சொன்னார். காலரா என்றார் இன்னொருவர், சொல்லிவிட்டு உடனே ஓட்டமாகப் போய்விட்டார். பெரிய மாமியார் சுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். அது ஒன்றுதான் உருப்படியான காரியம், அதுவும் வயிற்றில் நிற்கவில்லை. பெரிய மாமனார் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

“அபினிப் பேயி எறங்குது. அப்பிடித்தான் இருக்கும். எறங்கட்டும், எறங்கட்டும்.”

போகும்போது என் மகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். “ஆத்தாளை இந்தக் கோலத்துல புள்ளை பாக்கக்கூடாது. நாங்க வெச்சிருக்கறோம்” என்றார் பெரிய மாமியார். எனக்குப் பேச நாக்கு எழவில்லை.

அதற்கு அடுத்த நாள் என் கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் எனக்குக் காது கேட்கவில்லையாம். என் வீட்டுக்காரர் வண்டியைப் பூட்டி, வைக்கோல் போட்டு, அதன்மேல் என்னைத் தூக்கிக் கிடத்தினார். பெரிய மாமனார் மறித்தாராம். இவர் பதில் பேசவில்லை. மாட்டைத் தட்டி வண்டியை ஓட்டிவிட்டாராம். இவர் பேசாத குணத்தால் எனக்கு நன்மை நடந்தது அந்த ஒரு தடவைதான் என்று அப்போது நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த காகிதத்தை மேஜைமேல் எறிந்தார். “மருந்தை யாரு நிறுத்தச் சொன்னது?” என்று கேட்டார். வீட்டுக்காரர் சொன்னார். கொஞ்சம் மருந்து உள்ளே போய், உப்புத் தண்ணீரை ஊசியால் உடம்பில் ஏற்றி, நான் கண் திறந்து பார்க்க ஆரம்பித்த பிறகு டாக்டர் மறுபடியும் வந்தார்.

“அன்னைக்கே அந்தப் பெரியவர்கிட்டே தெளிவாச் சொன்னேனே. இது உடம்புக்குப் பழகிப்போற மருந்து, எலும்பு கூடினதும் அழைச்சிட்டு வாங்க, படிப்படியாக் குறைக்கணும், திடீர்னு நிறுத்தினா ஆபத்துன்னு சொன்னேன். சரி சரின்னு தலையாட்டினாரே?”

நான் படுத்தபடியே சிரித்தேன். டாக்டர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு வந்தது சிரிப்பு இல்லை. அத்தனை நாள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனுஷர். கொஞ்சங் கொஞ்சமாக விடு என்று ஒரு டாக்டர் சொன்னதைச் சந்தையில் குடிகாரன் சொன்ன சாக்கோடு சேர்த்து வைத்து, என்னிடம் சொல்லாமலே விழுங்கிவிட்டார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் எழுந்து நடந்தே ஊருக்குப் போயிருப்பேன், காலில் பலம் இருந்திருந்தால்.

“இனிமே எதுவானாலும் எங்கிட்டச் சொல்லுங்க டாக்டர். குடிக்கறவ நானுங்க” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னிடமே சொன்னார். நான் கெட்டுப்போனவள் இல்லை, உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். மருந்தின் அளவைச் சிறிது குறைத்து, அந்த அளவு உடம்புக்குச் சரிப்பட்ட பிறகுதான் அடுத்த குறைப்பு. கஷ்டமாக இருந்தால் அதே அளவில் நின்றுகொள்ளலாம். பழைய அளவுக்குத் திரும்ப ஏறக்கூடாது. பாதி வழி இறங்கின பிறகு ஆத்திரப்பட்டுப் பழைய அளவை ஒரே மடக்காகக் குடித்தால் மூச்சே நின்றுவிடும், அந்தத் தாங்குசக்தி உடம்பைவிட்டுப் போயிருக்கும் என்று இரண்டு தடவை சொன்னார். “நீங்க தோட்டக்காரங்கதானே, கிணத்துல எப்படி இறங்குவீங்க?” என்று கேட்டார். படியில் இறங்குவோம் என்றேன். “அவ்வளவுதான் வைத்தியம்” என்றார்.

இத்தனையும் புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் இத்தனை பாடு இல்லை. அதையும் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

புதுப் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தோம். பெரிய மாமனார் அன்றைக்கே வந்துவிட்டார். பாட்டிலைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. முதலில் எனக்குக் காரணம் புரியவில்லை. அவர் தம் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே பேசினார். அப்போதுதான் புரிந்தது. அபின் நுழையாது என்று அணைத்தது அவர் கை. நான் குடித்தால் விளங்காமல் போவதும் அவர் கைதான். நான் பிழைத்து வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷர்.

“கொறைச்சுக் கொறைச்சுக் குடிக்கறதுக்கு டாக்டரு சொல்லியிருக்காருங்க மாமா” என்றேன். அவருக்குச் சொன்னதையும் டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டார் என்பதை நான் சொல்லவில்லை. அதை மடியில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

“டாக்டருக்கென்ன, அவன் கையா போவுது? ஒண்ணு கேட்டுக்க. இந்தப் பாட்டலு இந்த ஊட்டுல இருக்கற மட்டும் புள்ளை இங்க வராது. அபினி நாத்தம் அடிக்கற ஊட்டுல எங்க வம்சத்துப் புள்ளை வளரக்கூடாது. நீ உட்டுப்போட்டுக் கோயில்ல வந்து உன்ற கையால கற்பூரம் அணை. அன்னைக்குப் புள்ளையைக் கூட்டிக்க.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பங்கு பிரியாத நிலம் அவர் வாயில் மண்ணை அள்ளிப் போட்டு அடைத்திருந்தது.

இப்படியாக எனக்கு இரண்டு பேர் இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். சீக்கிரம் விட்டால் மகள் சீக்கிரம் வருவாள், ஆனால் சீக்கிரம் விட்டால் உயிர் போகும். மெதுவாக விட்டால் உயிர் நிற்கும், மகள் அதுவரை அங்கேதான். ஒவ்வொரு வேளை மருந்தையும் குடிக்கும்போது இது அவளை இன்னும் ஒரு நாள் தள்ளிவைக்கிறது என்று தெரிந்தேதான் குடித்தேன். அந்தக் கசப்பு மருந்தின் கசப்பு இல்லை.

கம்பவுண்டர் ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் பல்லைச் சின்னதாக வெட்டி ஒட்டித் தருவார். புதுப் பாட்டில் வந்தால் கொஞ்ச நாள் கொட்டாவி, தும்மல், கால் உளைச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு கொள்ளு ரசமும் கம்பங்கஞ்சியும் குடித்துக் களத்தில் நடப்பேன். விளக்கெண்ணெய் காய்ச்சித் தொடையில் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வேன். பிறகு உடம்பு படியும். அதற்கப்புறம் அடுத்த பாட்டில். பைக்காரா கரண்ட் வந்து பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஊரே அதை வேடிக்கை பார்க்கப் போனது. என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அபினிக்காரி வீடு என்று பேர் ஆகிவிட்டது. நல்லதாகப் போயிற்று, வேப்பிலை யோசனை மிச்சம்.

ஒரு நாள் பெரிய மாமியார் மகளைக் கூட்டிக்கொண்டு இட்டேரி வழியாகப் போனார். நான் படலைத் திறந்துகொண்டு ஓடினேன். “கண்ணு” என்று கூப்பிட்டேன். அவள் பெரிய மாமியாரின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

“கிட்ட வராத. உன்ற வாயில அபினி இருக்குது. முத்தங் குடுத்தா நான் செத்துப்போயிருவேன்” என்றாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வேண்டுமா? நாலு வயதுப் பிள்ளைக்குத் தானாகவா இந்தப் பேச்சு வரும்? பெரிய மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது. அது திரும்பிப் போகக் கூடாது என்று அந்த வீட்டில் யாராவது நினைத்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுமுடித்த பிறகு ஒரு முடிவு செய்தேன். படியெல்லாம் வேண்டாம், இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று.

மறுநாளே வாந்தியும் உதறலும் திரும்பி வந்தன. வீட்டுக்காரர் அன்றைய அளவை ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்போதுதான் அவர் பேசினார்.

“நீ போயிட்டீன்னா அவ அங்கயேதான் இருக்கோணும். அவியளுக்கு அதுதான் சௌகரியம். குடி.”

கல்யாணமான நாளாக அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. குடித்தேன். அந்தப் படியிலேயே நெடுநாள் நின்றுவிட்டுத்தான் மறுபடியும் இறங்க ஆரம்பித்தேன். பதறாத காரியம் சிதறாது என்று சொல்கிறவர்கள் யாரும் தங்கள் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் அது உண்மைதான், என்ன செய்வது.

கடைசியில் பல் நகக்கண் அளவுக்கு வந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனது. காலியான பாட்டிலோடு நானே கோயமுத்தூர் போனேன். டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார். “இனி வேண்டியதில்லை” என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்காரர் வெளியே வண்டியில் இருந்தார். தொடை வலி போகவில்லை, இன்றைக்கும் பனி விழுந்தால் வலிக்கும். அது என் வலி, வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்து மாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். பெரிய மாமனார் ஊரையே கூப்பிட்டு வைத்திருந்தார். குடிகாரர்கள் திருந்துவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சலித்துவிட்டது போலும், இன்றைக்குச் சொந்த வீட்டுச் சரக்கு. என் மகள் பெரிய மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்தார். பெரிய மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அம்மணி, எல்லாருங் கேக்கச் சொல்லு. இனி அபினி தொடமாட்டேன்னு சொல்லி அணை. புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போ” என்றார்.

“அணைக்கறனுங்க மாமா. அதுக்கு முன்னால நீங்க ஒருக்கா அணைச்சுப்போடுங்க.”

“நானா? நான் எதுக்கு?”

“என்னை ஊட்டுக்கு அனுப்பற அன்னைக்கு டாக்டரு வராந்தாவுல உங்ககிட்டப் பேசுனாருங்க. மருந்தைப் படிப்படியாக் கொறைக்கோணும், பட்டுன்னு நிறுத்துனா உசுருக்கு ஆபத்துன்னு சொன்னாருங்க. நீங்க அதை எங்கிட்டச் சொல்லலீங்க. நிறுத்திப்போட்டு வாசல்ல உக்காந்து, பேயி எறங்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. டாக்டரு அப்பிடி ஒரு வார்த்தை உங்ககிட்டச் சொல்லவே இல்லைன்னு அம்மன் முன்னால அணைச்சுப்போடுங்க. பொறவு நான் அணைக்கறேன்.”

பெரிய மாமனார், “அது வேற...” என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை. பூசாரி கற்பூரத்தைப் பற்றவைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். பூசாரி கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி, குச்சியைக் கிழித்து, கற்பூரத்தைப் பற்றவைத்தார். தட்டை இரண்டு கையாலும் எடுத்துப் பெரியப்பா முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

“அணைங்க பெரீப்பா” என்றார்.

பெரிய மாமனார் வலது கையைத் தூக்கினார். பாதி தூரம் வந்த கை அங்கேயே நின்றது. பிறகு அதை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கற்பூரம் பாட்டுக்கு எரிந்து, சிறுத்து, தானாகவே அடங்கியது. தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. அவர் அதற்குப் பிறகு வெகுகாலம் உயிரோடு இருந்தார். சந்தைக் கூட்டங்களுக்கு மட்டும் போவதை விட்டுவிட்டார், ஒரே வெட்டாக.

நான் அணைக்கவில்லை. அணைக்கச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. நேராகப் பெரிய மாமியாரிடம் போனேன். அவர் பிடியை விட்டுவிட்டார். மகள் ஓடவில்லை, ஒளியவில்லை. நான் குனிந்ததும் என் முகத்துக்குக் கிட்ட வந்து, மூக்கை என் வாயில் வைத்து மோந்து பார்த்தாள்.

“அபினி போயிருச்சா?” என்று கேட்டாள்.

“போயிருச்சு கண்ணு.”

இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். அவளைத் தூக்கி இடது இடுப்பில், ஒடிந்து கூடின காலின் பக்கமாக வைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் நடந்தேன்.